தூண்டிலுக்கு ஒரு மூன்றாம் கை

(இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாமாண்டு)

படகு செலுத்துபவனுக்கு இரண்டு கைகளும் துடுப்புக்கு வேண்டும். தூண்டில் போடுபவனுக்கு இரண்டு கைகளும் தூண்டிலுக்கு வேண்டும். இரண்டு வேலைகளையும் ஒருவனே செய்ய நேர்ந்தால் மூன்றாம் கை ஒன்று தேவைப்படுகிறது. ஒற்றை ஆள் செல்லும் 'கயாக்' என்னும் சிறு படகில் தூண்டிற்கோலைச் செருகி வைக்கும் தாங்கியே அந்த மூன்றாம் கை. பார்த்தால் ஒரு துண்டுக் குழாய், அவ்வளவுதான். ஆனால் அதை எங்கே பொருத்துவது, எதனால் பொருத்துவது, எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்று கேட்கத் தொடங்கினால், நாம் வகுப்பில் படிக்கும் திருப்புத்திறன், ஈர்ப்பு மையம், வெப்ப விரிவு ஆகிய பாடங்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. சென்ற கோடை விடுமுறையில் நானும் என் தந்தையும் இந்த வேலையில் இறங்கி, இரு முறை தவறி, மூன்றாம் முறை தேறினோம். அந்த அனுபவத்தையே இங்கே பாடமாக எழுதுகிறேன்.

கயாக்கும் கட்டுமரமும்

கயாக் வடதுருவத்தை அடுத்த பனிநாட்டு மக்களின் படகு. கிரீன்லாந்து முதலிய இடங்களில் வாழும் இனூயிட் மக்கள் கரையொதுங்கிய மரத்தால் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்திக் கட்டினர். வேட்டைக்காரன் அமரும் இடத்துக்கு முன்னால், ஈட்டியின் கயிற்றைச் சுருட்டி வைக்கச் சிறிய தாங்கி ஒன்றையும் மேல்தளத்தில் வைத்தனர். அது முதுகுக்குப் பின்னால் இல்லை, கைக்கு எட்டும் முன்புறத்தில் இருந்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் பயன்படும்.

நம் நாட்டுக் கட்டுமரத்தை அறியாதவர் இல்லை. அச்சொல்லே ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று ஆயிற்று. 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலேய மாலுமி இதைப்பற்றி எழுதியிருக்கிறார். கட்டுமரத்தின் பெயரிலேயே அதன் தொழில்நுட்பம் அடங்கியிருக்கிறது: அது ஆணியால் இணைத்த மரம் அன்று, கயிற்றால் கட்டிய மரம். கட்டியதை அவிழ்க்கலாம், நகர்த்தலாம், மீண்டும் கட்டலாம். துளைத்த துளையை அப்படி மாற்ற முடியாது.

தூண்டிற்கோல் மீன்பிடிப்பும் நம் மாகாணத்துக்குப் புதியதன்று. மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச். எஸ். தாமஸ் என்பவர் 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலையும், 1887-இல் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்ற நூலையும் எழுதினார். இரண்டாவது நூல் நம் ஊர் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியது.

எங்கள் படகு

பூந்தமல்லி நெடுஞ்சாலையோரக் காயலான் கடை ஒன்றில் பழைய பிளாஸ்டிக் கயாக் கிடந்தது. நீளம் ஏறத்தாழ 3 மீட்டர், அகலம் 80 செ.மீ. அடிப்பாகம் தேய்ந்து ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்ததால் யாரும் வாங்கவில்லை. என் தந்தை அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மொட்டை மாடித் தண்ணித் தொட்டிடா, படுத்துக்கிட்டிருக்கு" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியும் இவ்வகைக் கயாக்கும் ஒரே பொருளால், ஒரே முறையில் செய்யப்படுகின்றன. 1933-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கைத் தூளாக்கி, உள்ளீடற்ற அச்சில் இட்டு, அச்சைச் சூடாக்கியபடி இரண்டு அச்சுகளைப் பற்றிச் சுழற்றுவார்கள். தூள் உருகி உட்சுவர் எங்கும் படியும். ஆறியதும் இணைப்பே இல்லாத வெற்றுக்கூடு கிடைக்கும். ஆகவே தண்ணீர்த் தொட்டி ஓட்டை அடைப்பவரையே அழைத்து, சூடான காற்றும் பிளாஸ்டிக் குச்சியும் கொண்டு விரிசலை ஒட்ட வைத்தோம்.

என் தந்தை அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த இயந்திரத்தில் வலக்கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின. துடுப்பின் தண்டை உள்ளங்கையிலும் எஞ்சிய விரல்களிலும் அணைத்துப் பிடிக்க அவரால் முடியும். மெல்லிய தூண்டிற்கோலை வலக்கையால் பிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூண்டிலோடு ஏரிக்கரைக்குப் போனவர், அதன்பின் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். பிறருக்கு வசதியான ஒரு தாங்கி அவருக்கு இன்றியமையாததாக இருந்ததால்தான் இந்த ஆராய்ச்சி நடந்தது.

முதல் தவறு: ஒட்டும் திருகாணியும்

40 மி.மீ. பிவிசி பைப்பை 25 செ.மீ. நீளத்துக்கு ஹேக்சாவால் அறுத்தோம். ரீலின் காம்பு உட்கார, வாய்ப்பகுதியில் ஒரு பிளவு வெட்டி, அரத்தால் ராவி மழுக்கினோம். இதைச் சிறு தகடு ஒன்றில் இணைத்து, அடியில் சிலிகான் பசை தடவி, நான்கு திருகாணிகளை மேலிருந்தே முடுக்கிவிட்டோம். திருகாணிகளின் இடைவெளி 5 செ.மீ.

மொட்டை மாடியிலேயே சோதித்தோம். தூண்டிற்கோலுக்குப் பதிலாக மூங்கில் கழி ஒன்றைச் செருகி, அதன் நுனியில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டோம். ஒரு லிட்டருக்குத் தகடு ஒருபுறம் எழும்பியது. இரண்டு லிட்டருக்கு இரண்டு திருகாணிகளும் பிடுங்கிக்கொண்டு வந்தன. இரண்டு கிலோவைத் தாங்காத திருகாணியா என்று எனக்கு வியப்பு. கணக்குப் போட்டபின் வியப்பு தீர்ந்தது.

கழி ஒரு நெம்புகோல். நுனியில் 2 கிலோகிராம் எடை. அடித்தகட்டிலிருந்து நுனி 2 மீட்டர், அதாவது 200 செ.மீ. கழி படுக்கையாக நிற்கும் மிக மோசமான நிலையைக் கருதினால், திருப்புத்திறன் 2 × 200 = 400 கிலோகிராம்-செ.மீ. இதை எதிர்த்துப் பிடிப்பவை எதிர்ப்புறத்துத் திருகாணிகள் இரண்டு. அவற்றுக்குக் கிடைத்த கரமோ 5 செ.மீ. மட்டுமே. எனவே அவற்றின்மேல் விழுந்த இழுப்பு 400 ÷ 5 = 80 கிலோகிராம்; ஒவ்வொன்றுக்கும் 40. நுனியில் இரண்டு, அடியில் எண்பது! எஃகுத் திருகாணிக்கு 40 கிலோகிராம் பெரிதன்று. அது கடித்திருந்த 5 மி.மீ. பிளாஸ்டிக்தான் விட்டுக்கொடுத்தது.

பசையும் உதவவில்லை. பாலிஎதிலீனின் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு. சாதாரணப் பசை எதுவும் அதைப் பற்றிக்கொள்வதில்லை. நீர் புகாமல் தடுக்கவே பசை. சுமையைத் தாங்க அன்று.

திருத்தம் மூன்று வகையில் அமைந்தது. முதலாவது, அடித்தகட்டை 12 செ.மீ. சதுரமாக்கி, போல்ட்டுகளின் இடைவெளியை 10 செ.மீ. ஆக்கினோம். கரம் இரட்டித்ததால் இழுப்பு பாதியாயிற்று: ஒவ்வொரு போல்ட்டுக்கும் 20 கிலோகிராம். இரண்டாவது, திருகாணிக்குப் பதில் துளை வழியே மறுபுறம் செல்லும் 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளையும், தானே கழலாத நைலாக் நட்டுகளையும் போட்டோம். மூன்றாவது, உட்புறத்தில் அதே அளவுள்ள இன்னொரு தகட்டை வைத்தோம். இப்போது பிளாஸ்டிக் இரு தகடுகளுக்கும் நடுவே அடைபட்டது. சுமை நான்கு புள்ளிகளில் குவியாமல் பரப்பு முழுவதும் பரவியது. மீண்டும் இரண்டு லிட்டரைத் தொங்கவிட்டோம். அசையவில்லை.

இரண்டாம் தவறு: இடம்

விளம்பரப் படங்களில் தாங்கிகள் இருக்கைக்குப் பின்னால் இருப்பதைக் கண்டு நாங்களும் இருக்கைக்குப் பின்னே, வலப்புறமும் இடப்புறமும் பொருத்தினோம். துடுப்புக்குத் தடையில்லை, பார்க்கவும் அழகு.

எங்கு வேண்டுமானாலும் படகை இறக்கிவிட முடியாது. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடியும் முழு உயரம் 24 அடியும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரி சென்னையின் குடிநீர். அத்தகைய ஏரிகளில் அனுமதியின்றி இறங்குவது குற்றம் மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். பூந்தமல்லிக்கு மேற்கே ஓர் ஊர் ஏரியில் மீன்பிடிக் குத்தகை எடுத்திருந்தவர் என் தந்தையின் நண்பர். அவருடைய இசைவோடு, மார்பளவு நீரில், உயிர்காப்புச் சட்டை அணிந்து சோதனை செய்தோம். தந்தை படகில், நான் நீரில் நின்றபடி.

சிறிது நேரத்தில் வலப்புறப் பின்தூண்டிலின் நுனி துடித்தது. வலக்கையால் பற்ற இயலாதவர் இடக்கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி, உடலை முறுக்கிப் பின்னால் எட்டினார். மறுகணம் படகு கவிழ்ந்தது. நான் பதறி ஓடினேன். அவர் எழுந்து நின்று, மூக்கில் ஏறிய நீரைச் சிந்திவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "மீன் இழுக்கலடா. நான்தான் சாஞ்சேன்."

அந்த ஒரு வாக்கியம்தான் இரண்டாவது கணக்குக்கு அடிப்படை.

மீனா, மனிதனா?

படகைச் சாய்க்கும் திருப்புத்திறனை நடுக்கோட்டிலிருந்து அளப்போம். தூண்டிற்கோல் 2.1 மீட்டர், அதில் 30 செ.மீ. தாங்கிக்குள் போக, 1.8 மீட்டர் வெளியே நிற்கிறது. அது மேல்நோக்கி 45 பாகை சாய்ந்து, நேர்பக்கவாட்டில் நீண்டால், நுனி நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் வெளியே இருக்கும். மீன் 2 கிலோகிராம் விசையோடு கீழ்நோக்கி இழுத்தால் திருப்புத்திறன் 2 × 1.5 = 3 கிலோகிராம்-மீட்டர்.

இனி மனிதனைப் பார்ப்போம். 60 கிலோகிராம் எடையுள்ளவர் தம் ஈர்ப்பு மையத்தை வெறும் 5 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தினால், 60 × 0.05 = 3 கிலோகிராம்-மீட்டர். மீனின் முழு இழுப்பும் மனிதனின் ஐந்து சென்டிமீட்டர்ச் சாய்வும் சமம்! உடலை முறுக்கிப் பின்னால் எட்டும்போது ஈர்ப்பு மையம் 10 செ.மீ. நகர்ந்தாலும் 6 கிலோகிராம்-மீட்டர் ஆகிவிடும். மீனும் அதே பக்கம் இழுத்தால் மொத்தம் 9.

படகு தானே நிமிர முயலும் ஆற்றல் அதன் அகலத்தின் மும்மடியைப் பெரிதும் சார்ந்தது. கயாக்கின் அகலமோ குறைவு. அதனால் கயாக்கில் தாங்கிக்கு இடம் தேடும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'மீன் எவ்வளவு இழுக்கும்?' என்பதன்று, 'அதை எடுக்க மனிதன் எவ்வளவு சாய வேண்டும்?' என்பதே. பனிநாட்டு வேட்டைக்காரன் தன் கயிற்றுத் தாங்கியை முன்னால் வைத்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முதலில் கட்டு, பிறகு துளை

மறுபடியும் துளையிடுமுன் கட்டுமரத்தின் பாடத்தைப் பின்பற்றினோம். பலகை ஒன்றைப் படகின் குறுக்கே கயிற்றால் கட்டி, அதன்மேல் தாங்கியை வைத்துப் பார்த்தோம். தந்தை இருக்கையில் அமர்ந்து இருபது முறை துடுப்பு வலிப்பது போலக் கையை வீசினார். முட்டி தாங்கியில் இடித்த போதெல்லாம் பலகையை நகர்த்தி, சாக்பீஸால் குறியிட்டோம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இடக்கையால் கோலைத் தொடச் சொன்னேன். முதுகு சாய்மானத்தை விட்டு நகராமலும் முழங்கை சற்றே மடங்கியும் கை சென்று சேரும் இடம், சாய்மானத்திலிருந்து 75 செ.மீ. முன்னால், நடுக்கோட்டுக்கு 22 செ.மீ. இடப்புறம் அமைந்தது. இவை எங்கள் படகுக்கும் என் தந்தையின் கைக்கும் உரிய அளவுகள். ஒவ்வொருவரும் தம் அளவைத் தாமே கட்டிப் பார்த்து அறிய வேண்டும்.

இடம் முடிவானதும் செய்த வேலைகளை வரிசையாகக் கூறுகிறேன்.

1. உட்புறத்தில் கை எட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நல்வினையாக முன்மூடியின் வழியே என் கை எட்டியது. எட்டாத இடமானால், ரப்பர் உறைக்குள் பித்தளை நட் பதித்த ஒருவகை நட் கிடைக்கிறது. வெளியிலிருந்து முடுக்கினாலே உள்ளே ரப்பர் புடைத்துப் பிடித்துக்கொள்ளும்.

2. நீர்மட்டத்துக்குக் கீழே எங்கும் துளைக்கலாகாது. டிரில் பிட்டில், வேண்டிய ஆழத்தில் டேப் சுற்றி வைத்தால் அது ஆழப் பாய்ந்து அடித்தளத்தைத் துளைத்துவிடாது. சிறிய பிட்டில் தொடங்கிப் பெரிய பிட்டில் முடிக்க வேண்டும். மெதுவாகச் சுழற்ற வேண்டும். வேகமானால் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகும்.

3. 6 மி.மீ. போல்ட்டுக்குத் தகட்டில் 7 மி.மீ. துளை வேண்டும். பாலிஎதிலீன் வெப்பத்தில் எஃகைப் போலப் பல மடங்கு விரிவது. 20 பாகை செல்சியஸ் சூடேறினால் ஒரு மீட்டர் நீளம் ஏறத்தாழ 3 மி.மீ. நீளும். இடமில்லாமல் இறுக்கினால் வெயிலில் துளையோரம் நெரிபடும்.

4. தகட்டுக்கும் படகுக்கும் இடையே பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தோம். நீரும் புகாது, இறுக்கமும் சீராகும்.

5. சாதாரண இரும்புப் போல்ட்டைப் போடக் கூடாது. துருப்பிடித்தால் கழற்றவும் முடியாது. ஒரு வாரம் கழித்து எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்க வேண்டும். ஏனெனில் இந்தப் பிளாஸ்டிக் தொடர் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும் இயல்புடையது.

6. பின்னால் இட்ட பழைய துளைகளை, தொட்டி ஒட்டுபவரைக் கொண்டே உருக்கி அடைத்தோம்.

நான் உள்ளே கைவிட்டு நட்டைப் பிடித்துக்கொள்ள, தந்தை மேலிருந்து போல்ட்டை முடுக்கினார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். திருப்புத்திறன் என்ற சொல்லை அவர் அறியார். ஆனால் கடைசிச் சுற்றுக்கு எந்த ஸ்பேனரை எடுக்க வேண்டும், அதன் பிடியில் எங்கே கை வைக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவர் கை அறியும்.

கோணமும் சரிசெய்தலும்

கோணத்தை மாற்றிக்கொள்ள எளிய ஏற்பாடு ஒன்று செய்தோம். மாடிப்படிக் கைப்பிடிக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் 10 செ.மீ. துண்டை அடித்தகட்டின்மேல் செங்குத்தாகப் பற்றவைத்தோம். 45 பாகை எல்போவுடன் கூடிய பிவிசி பைப்பின் அடிப்பகுதி அதற்குள் இறங்கும். இடைவெளியைச் சைக்கிள் டியூப் சுற்றி நிரப்பினோம். வெளிக்குழாயில் 30 பாகைக்கு ஒன்றாகத் துளைகள் இட்டு, விங் நட் உள்ள ஒரு போல்ட்டைக் குறுக்கே செலுத்தினால் வேண்டிய திசையில் தாங்கி நிற்கும்.

எந்தத் திசை நல்லது? முன்நோக்கிய திசையிலிருந்து 30 பாகை வெளிப்புறமாகத் திருப்பினால், நுனி நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 86 செ.மீ. தள்ளி நிற்கும். 2 கிலோகிராம் இழுப்புக்குத் திருப்புத்திறன் 1.7 கிலோகிராம்-மீட்டர்தான். நேர்பக்கவாட்டில் இருந்த 3 என்னும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நுனியும் கண்முன்னே இருக்கும். துடிப்பு உடனே தெரியும். முற்றிலும் முன்னோக்கி வைத்தால் நரம்பு படகின் மூக்கில் உராயும்.

மீன் 2 கிலோகிராமுக்கு மேல் இழுத்தால் என்ன செய்வது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதற்கு ரீலிலேயே வழி உண்டு. 'டிராக்' என்னும் திருகை அளவோடு தளர்த்தி வைத்தால், குறித்த விசைக்கு மேல் இழுப்பு வரும்போது நரம்பு தானே அவிழ்ந்து ஓடும். மின்சுற்றுக்கு ஃபியூஸ் எப்படியோ, தூண்டிலுக்கு இது அப்படி. நரம்பின் தாங்கும் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வைப்பது வழக்கம். எங்கள் நரம்பு 6 கிலோ. ஆகவே வில்தராசில் நரம்பைக் கட்டி இழுத்து, 2 கிலோவில் அவிழுமாறு திருகை நிறுத்தினோம். மேலே போட்ட கணக்கெல்லாம் இந்த இரண்டு கிலோவை நம்பியே நிற்கிறது. திருகை இறுக்கிவிட்டால் கணக்கும் போயிற்று.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கோலைக் கயிற்றால் படகோடு பிணைக்கலாம். தன் உடலோடு பிணைக்கவே கூடாது. கார்பன் இழையால் ஆன தூண்டிற்கோல் மின்சாரத்தைக் கடத்தும்; மின்கம்பிகள் கடக்கும் ஏரிகளில் கம்பிக்குக் கீழே கோலை நிமிர்த்தி வைக்கலாகாது.

முடிவுரை

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் அதே ஏரியில் மீண்டும் இறங்கினோம். தந்தை இரு கைகளாலும் துடுப்பு வலித்து நடுவே சென்றார். அரை மணி கழித்துக் கோலின் நுனி வளைந்தது. அவர் துடுப்பை மடியில் கிடத்தினார். முதுகை அசைக்காமல் இடக்கையை நீட்டிக் கோலை எடுத்தார். அதன் அடியைத் தொடையில் ஊன்றி, வலக்கையின் கட்டைவிரலாலும் சுண்டுவிரல் பக்கத்தாலும் ரீலின் பிடியைச் சுற்றினார். படகு ஆடியது, கவிழவில்லை. ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ரோகு. குத்தகைக்காரர் எடை போட்டுப் பணம் வாங்கிக்கொண்டார். நண்பர் என்பதற்காகக் குறைக்கவில்லை. என் தந்தையும் குறைக்கும்படி கேட்கவில்லை. மீனைக் கையில் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடந்தே வந்தார்.

பாடநூலில் திருப்புத்திறனுக்கு எடுத்துக்காட்டாகக் கதவையும் ஏற்றப்பலகையையும் படித்திருக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். அந்தப் பாடம் எனக்கு உண்மையில் விளங்கியது, என் தந்தை ஏரி நீரில் விழுந்து எழுந்த அன்றுதான். நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நம் வீடுகளில் நூல்கள் இல்லாமல் இருக்கலாம். தீர்க்கப்படாத கணக்குகள் நிறைய இருக்கின்றன. வகுப்பில் கற்றதை அங்கே கொண்டுபோய் உரசிப் பார்ப்போமாக. விடை தவறினால் வீட்டிலுள்ளவர்களே திருத்திக் கொடுப்பார்கள்.